கொலைக் கதைக்குப் பரிசா?

சென்ற ஷஅபானில் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றில் ஒரே சஹனைச் சுற்றி நால்வர் அமர்ந்திருந்தோம். எனக்கு எதிரே இருந்தவர் என்னோடு ஒரே மத்ரஸாவில் ஓதியவர். என்னினும் மூன்றாண்டு மூத்தவர். இன்று ஊரறிந்த ஆலிம். கல்லூரியில் பயிலும் அவருடைய இளைய மகள் துப்பறியும் கதையொன்றை எழுதிப் போட்டிக்கு அனுப்பியிருக்கிறாள் என்னும் செய்தி அதற்குள் பந்தி முழுவதும் பரவியிருந்தது. யாரோ அதைக் கேலியாகக் கேட்கவும், ஹஜ்ரத் சினந்துவிட்டார்.

"தம்பி, லண்டனிலே கொலைக் கதை எழுதுகிறவர்கள் கூடிச் சங்கம் வைத்திருக்கிறார்களாம். மண்டையோட்டின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறார்களாம். நல்லாக் கொலை செய்து காட்டியவனுக்குக் கட்டாரி பரிசாம்! அதைப் பார்த்துத்தான் நம் பிள்ளைகள் கெடுகின்றன. நீங்கள் தமிழ் படித்துக் கொடுப்பவர். இதைக் கண்டித்து நாலு வரி எழுதக் கூடாதா?"

பந்தி சிரித்தது. ஒரே சஹனில் கை வைத்திருக்கும்போது வாதாடுவது முறையன்று எனக் கருதி நான் வாய் திறக்கவில்லை. அவர் கேட்ட நாலு வரியை இப்போது எழுதுகிறேன். ஆனால் அவர் விரும்பிய திசையில் அவை செல்லப்போவதில்லை, பொறுத்தருள வேண்டும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஹஜ்ரத் சொன்ன செய்திகள் பொய்யல்ல. லண்டனில் 1930ஆம் ஆண்டு 'டிடெக்ஷன் கிளப்' என்னும் துப்பறியும் கதாசிரியர் கழகம் தோன்றியது. அதற்கு ஈராண்டு முன்பிருந்தே அந்தோணி பெர்க்லி என்பார் தம் இல்லத்தில் சக எழுத்தாளர்களுக்கு விருந்து வைத்துப் பேசி வந்தார், அதுவே கழகமாயிற்று. முதல் தலைவர் செஸ்டர்டன். பிற்காலத்தில் டாரதி சேயர்ஸ் அம்மையாரும் அகதா கிறிஸ்டி அம்மையாரும் அப்பதவியை வகித்தனர். புதிதாகச் சேர்பவர், 'எரிக்' என்று பெயரிட்ட மண்டையோட்டின் மீது கை வைத்து உறுதிமொழி கூறவேண்டும் என்பதும் மெய்யே. அந்த மண்டையோட்டின் கண்குழியில் செந்நிற விளக்கெரியச் செய்திருந்தனர். உறுதிமொழியை மீறுவோரின் நூலில் அச்சுப் பிழைகள் மலியட்டும், விற்பனை குன்றட்டும் என்று சாபமும் உண்டு. அச்சுப் பிழையையே சாபமாகக் கொள்ளும் கூட்டத்தார் நம் பதிப்பாளரைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

கட்டாரிப் பரிசு வேறொரு சங்கத்தினுடையது. ஜான் கிரீசி என்பவர் 1953இல் தொடங்கிய குற்றக்கதை எழுத்தாளர் சங்கம், 1955 முதல் ஆண்டின் சிறந்த நாவலுக்குப் பரிசளிக்கிறது. அப்பரிசுக்குப் பொற்கட்டாரி என்னும் பெயர் 1960இல் வந்தது. நூல் எதுவும் வெளியிட்டிராத புதியவர்களுக்கென 1998இல் தனிப் போட்டியொன்றும் ஏற்படுத்தினர். நாவலின் தொடக்கத்தில் 3000 சொற்களும் கதைச் சுருக்கமும் அனுப்பினால் போதும். இவ்விதியில் எனக்குச் சிறிது மனக்குறை உண்டு. பிராதை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்பெழுதுவது போன்றது அது. துப்பறியும் கதையின் நேர்மை அதன் கடைசிப் பக்கங்களில் அல்லவா தெரியவரும்?

இனி உறுதிமொழிக்கு வருவோம். மண்டையோட்டைக் கண்டு மிரண்ட நண்பர், அதன் மேல் கை வைத்து என்ன சொன்னார்கள் என்பதைக் கேட்கவே இல்லை. அவர்கள் கூறிய உறுதியின் சாரம் இது: என் கதையில் துப்பறிபவர் தம் அறிவைக் கொண்டே உண்மையைக் காண்பார், வானிலிருந்து வந்த அறிவிப்பையோ, 'பெண் மனத்துக்குத் தோன்றிற்று' என்னும் உள்ளுணர்வையோ, மாய மந்திரத்தையோ, தற்செயலையோ நம்பமாட்டார், முக்கியமான தடயம் எதையும் வாசகரிடமிருந்து மறைக்கமாட்டேன்.

இதைக் கேட்டதும், 'பார்த்தீர்களா, இல்ஹாமை மறுக்கிறார்கள்!' என்று ஹஜ்ரத் பாய்வார் என்பதை அறிவேன். அவரைப் பணிவுடன் ஒன்று கேட்கிறேன். 'நேற்றிரவு கனவில் கண்டேன், திருடியவன் இவனே' என்று காழி ஒருவர் தீர்ப்புரைத்தால் நீங்கள் ஏற்பீர்களா? ஏற்கமாட்டீர்கள். கனவும் மன உதிப்பும் கண்டவருக்கு ஆறுதலாகலாம். பிறர் மீது குற்றம் சாட்ட அவை சான்றாகா என்று நாம் இருவரும் ஒரே பாயில் அமர்ந்து பாடம் கேட்டோம். வழக்குரைப்பவன் மீதே ஆதாரம் காட்டும் கடமை என்பதையும் அதே பாயில்தான் கேட்டோம். காழி தாம் தனியே அறிந்ததை மட்டும் கொண்டு தீர்ப்பளிக்கலாமா என்பதில் இமாம்களிடையே எத்துணை நுட்பமான கருத்து வேற்றுமை! எல்லார் முன்னிலையிலும் வைக்கப்படாத சான்றைப் பற்றிய அச்சமன்றோ அவ்விவாதத்தின் வேர்? லண்டன்காரர்கள் விளையாட்டாக மண்டையோட்டின் மேல் கை வைத்துச் சொன்னதும் அந்த அச்சத்தைத்தான்.

யூசுப் நபி வரலாற்றை எண்ணிப் பாருங்கள். சகோதரர் கொண்டுவந்த சட்டையில் குருதி இருந்தது. ஆனால் கிழிசல் இல்லை. ஓநாய் கடித்துத் தின்றிருந்தால் சட்டை முழுமையாக இருக்குமா என்று தந்தை ஐயுற்றதை விரிவுரையாளர் எடுத்துரைப்பர். பின்னர் எகிப்தில், சட்டை முன்புறம் கிழிந்திருக்கிறதா, பின்புறம் கிழிந்திருக்கிறதா என்பதைக் கொண்டே குற்றமற்றவர் யாரெனத் தெளிந்தது. இப்னுல் கையிம் அவர்கள் தம் 'அத்துருகுல் ஹுக்மிய்யா'வில் சூழ்நிலைச் சான்றுகளின் மதிப்பைப் பேசும்போது இச்சட்டையையே எடுத்துக்காட்டுகிறார்கள். தடயத்தை உற்று நோக்குவது மேனாட்டார் நமக்குக் கற்பித்த கெட்ட பழக்கம் என்று சொல்வோர், ஓதிய பாடத்தை மறந்தவராவர்.

இக்கழகத்தாரின் போட்டிகளில் என்னை மிகவும் கவர்ந்தது பரிசே இல்லாத ஒன்று. 1931இல் உறுப்பினர்கள் கூடி 'மிதக்கும் அட்மிரல்' என்னும் நாவலை எழுதினர். பன்னிரண்டு அத்தியாயங்கள், அத்தியாயத்திற்கு ஓர் ஆசிரியர் (கோல் தம்பதியர் இருவரும் சேர்ந்து ஒன்று எழுதினர்). முன்னவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடரவேண்டும். முன்னே கிடக்கும் தடயம் ஒன்றையும் தள்ளலாகாது. அன்றியும், 'என் எண்ணத்தில் குற்றவாளி இவர், காரணம் இது' என்று ஒவ்வொருவரும் தம் முடிவைத் தனியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். முதலிருவர் நீங்கலாக ஏனையோரின் முடிவுகள் நூலின் இறுதியில் அச்சாகியுள்ளன. அதே தடயங்கள், அறிவாளிகள் இத்தனை பேர், முடிவுகளோ வெவ்வேறு! எட்டாம் அத்தியாயம் ரொனால்ட் நாக்ஸ் என்னும் கத்தோலிக்கப் பாதிரியாருடையது. அவர் கதையை ஓரடி நகர்த்துவதற்கு முன், அதுவரை விடை காணப்படாத ஐயங்களை எண்ணிட்டு அடுக்கினார். மொத்தம் 39. ஆங்கிலத் திருச்சபையின் கொள்கைக் கூற்றுகளும் 39 என்பதை அறிந்தவர்க்கு அதிலொரு குறும்பும் புலப்படும். ஒருவனைக் குற்றவாளி என்று சொல்லுமுன் 39 ஐயங்களை எழுதிப் பார்க்கும் பொறுமை, தெருமுனையில் நின்று தீர்ப்பளிக்கும் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

'இவையெல்லாம் வேலையற்ற துரைமாரின் பொழுதுபோக்கு. இதனால் யாருக்கு என்ன பயன்?' என்பது அடுத்த வினா. இங்குதான் ஹஜ்ரத்தோடு நான் கடுமையாக மாறுபடுகிறேன்.

பம்பாயில் பார்ஸிக் குடும்பத்தில் பிறந்து கிறித்தவரான ஷாபுர்ஜி எடால்ஜி என்பவர் இங்கிலாந்தின் கிரேட் வைர்லி என்னும் சிற்றூரில் பாதிரியாராக இருந்தார். அவர் மகன் ஜார்ஜ், இளம் வக்கீல். 1903இல் அவ்வூரில் குதிரைகளும் கால்நடைகளும் இரவில் வயிறு கிழிக்கப்பட்டுக் கிடந்தன. யார் செய்தது? ஊரில் நிறம் கறுத்த குடும்பம் ஒன்றுதான் இருந்தது. ஜார்ஜுக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. மூன்றாண்டில் விடுவித்தனர், ஆனால் குற்றவாளி என்னும் பெயரை நீக்கவில்லை. ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயில் அவரைச் சந்திக்கச் சென்றபோது, அவர் செய்தித்தாளைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்துப் படித்துக்கொண்டிருப்பதைக் கண்டார். இத்துணைக் கிட்டப்பார்வை உடையவர் நள்ளிரவில் வயல்களையும் வேலிகளையும் கடந்து சென்று இதைச் செய்திருக்க முடியுமா? 1907 ஜனவரியில் டாயில் நாளிதழில் எழுதினார், நாடு கொதித்தது, அதே ஆண்டு மன்னிப்பு வந்தது. எனினும் இழப்பீடு ஒரு காசும் இல்லை. இவ்வழக்கும் இதுபோன்ற வேறு சிலவும் எழுப்பிய கிளர்ச்சியால் அவ்வாண்டிலேயே குற்றவியல் மேல்முறையீட்டு மன்றம் அமைக்கச் சட்டம் இயற்றப்பட்டது.

அம்மன்றம் பின்னர் யாரைக் காத்தது என்பதையும் பாருங்கள். லிவர்பூலில் வில்லியம் ஹெர்பர்ட் வாலஸ் என்னும் ஆயுள் காப்பீட்டு முகவர், ஐம்பதைக் கடந்த, அமைதியான சதுரங்கப் பிரியர். 1931 ஜனவரி 19ஆம் நாள், அவர் சதுரங்கம் ஆடும் இடத்திற்கு 'குவால்ட்ரோ' என்னும் பெயரில் ஒருவன் தொலைபேசியில் பேசி, மறுநாள் மாலை மென்லவ் கார்டன்ஸ் ஈஸ்ட், 25ஆம் எண் வீட்டிற்கு வரச்சொல்லித் தகவல் விட்டான். மறுநாள் வாலஸ் போனார்; வழிப்போக்கரையும் காவலரையும் விசாரித்து அலைந்தார். அப்படியொரு தெருவே இல்லை. வீடு திரும்பினால் மனைவி ஜூலியா முன்னறையில் அடித்துக் கொல்லப்பட்டுக் கிடந்தார். 'தானே தொலைபேசியில் பேசி, தானே நாடகமாடினான்' என்றது போலீஸ். அவர் உடையில் குருதிக் கறை இல்லை, காரணமும் காட்டப்படவில்லை. நீதிபதியின் தொகுப்புரையே அவருக்குச் சாதகமாக இருந்தது. ஆயினும் ஜூரர்கள் ஒரு மணி நேரத்தில் குற்றவாளி என்றனர். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் கண்ணீர் விடவில்லை, கலங்கவில்லை. 'கல்நெஞ்சன்' என்றெண்ணினர் போலும்! மே மாதத்தில் மேல்முறையீட்டு மன்றம், சான்று தீர்ப்பைத் தாங்கவில்லை என்று கூறி அவரை விடுவித்தது.

ஊர் விடுவித்ததா? இல்லை. அண்டை அயலார் முகம் திருப்பிக்கொண்டனர். வீட்டை மாற்றிக்கொண்டு போனார், 1933இல் இறந்தார். 1936இல் டிடெக்ஷன் கிளப் உறுப்பினர்கள் கற்பனைக் கொலைகளை ஒதுக்கிவைத்து, நிகழ்ந்த கொலைகளை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டபோது, டாரதி சேயர்ஸ் அம்மையார் எடுத்துக்கொண்டது வாலஸ் வழக்கை. ஒவ்வொரு செய்தியும் அவர் செய்தார் என்பதற்கும் செய்யவில்லை என்பதற்கும் ஒருங்கே பொருந்துவதை அவர் பொறுமையாக எடுத்துக்காட்டினார். கதையில் தடயங்களைக் கையாண்டு பழகிய கண்ணுக்குத்தான் அது எளிதில் தெரியும். 'கொலையை விளையாட்டாக்கும் கூட்டம்' என்று இவர்களைப் பழிப்பவர், கொலையை விளையாட்டாக எடுத்துக்கொண்டது அந்த ஒரு மணி நேரத்து ஜூரர்களா, இந்த அம்மையாரா என்று சிந்திக்க வேண்டும்.

இத்தனை கூறியதால் அக்கழகத்தாரை நான் தலைமேல் தூக்கிவைப்பதாக எண்ண வேண்டா. அவர்களோடும் எனக்கு வழக்குண்டு.

39 ஐயங்களை எழுதிய அதே நாக்ஸ் பாதிரியார், 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே இடம்பெற வேண்டும். இயற்கைக்கு அப்பாற்பட்டது கூடாது. கண்டறியப்படாத நஞ்சு கூடாது என்பவை போன்ற நல்ல விதிகள். அவற்றுள் ஐந்தாவது, கதையில் சீனர் எவரும் வரலாகாது என்பது. இதன் உட்கருத்தை நேர்மையோடு சொல்லிவிட வேண்டும். சீனரை இழித்துரைப்பது அன்று அவர் நோக்கம். அக்காலத்து மலிவுக் கதைகளில் சூழ்ச்சிக்காரச் சீனன் ஒருவன் இல்லாமல் பக்கம் நகராது. சாக்ஸ் ரோமரின் ஃபூ மான்சூ அவ்வகைக் கதைகளின் தலைவன். அந்தச் சோம்பலைக் கிண்டல் செய்யவே நாக்ஸ் இவ்விதியை எழுதினார். நல்லது. ஆனால் சோம்பலைத் தடுக்கப்போய்ச் சீனரையே தடுத்துவிட்டாரே! வில்லனாகவும் வரவேண்டா, துப்பறிபவராகவும் வரவேண்டா, தேநீர் கொண்டுவருபவராகவும் வரவேண்டா. பழி நீங்கிற்று, ஆளையும் காணோம். வீட்டில் திருட்டுப் போனால் வேலைக்காரப் பையனை ஐயுறுவது அநீதி என்று உணர்ந்து, இனி எவரையும் வேலைக்கே வைப்பதில்லை என முடிவு செய்வது போன்றது இது.

இதைப் படிக்கும்போது நம்மவர் சிலர் முகத்தில் மகிழ்ச்சி தோன்றுவதைக் காண்கிறேன். வெள்ளைக்காரன் குறை வெளிப்பட்டதே என்று! சற்றே பொறுங்கள். ஆயிரத்தோரு இரவுகளில் 'மூன்று ஆப்பிள்கள்' என்றொரு கதை உண்டு. தஜ்லா நதியில் அகப்பட்ட பெட்டியில் ஒரு பெண்ணின் பிணம். மூன்று நாளில் கொலையாளியைக் கண்டுபிடிக்க வேண்டுமெனக் கலீஃபா ஹாரூன் ரஷீத் தம் அமைச்சர் ஜஅஃபருக்கு ஆணையிடுகிறார். உலகின் பழைய கொலைமர்மக் கதைகளுள் ஒன்று என்று நாம் பெருமை பேசும் கதை. ஜஅஃபர் என்ன துப்பறிந்தார்? வீட்டில் உட்கார்ந்திருந்தார். கொன்ற கணவன் தானே வந்து ஒப்புக்கொள்கிறான். அவனை ஏமாற்றிய அடிமையைக் கண்டுபிடிப்பதும், விடைபெறும்போது தம் மகளின் சட்டைப் பையில் ஆப்பிள் தட்டுப்பட்டதால் நேர்ந்த தற்செயல்! லண்டன் மண்டையோட்டின் முன் ஜஅஃபர் ஒரு நிமிடம் நிற்க முடியாது. அது போகட்டும். மனைவியை விசாரியாமல் துண்டு துண்டாக வெட்டியவனைக் கலீஃபா மன்னித்துவிடுகிறார். பொய்யுரைத்த கறுப்பு அடிமைக்கே தூக்கு என்கிறார். சுவைக்காகச் சொல்லப்பட்ட கதைதான். யாரும் அதை மார்க்கமாகக் கொள்ளவில்லை. ஆனால் அடிமையைக் காட்டினால் கேட்போர் மனம் சட்டென்று நிறைவடையும் என்பது பக்தாதின் கதைசொல்லிக்கும் தெரிந்திருந்தது. ஃபூ மான்சூவைக் கற்பித்தவனுக்குத் தெரிந்ததும் அதுவே. நம் நாட்டுத் திரைக்கதை எழுதுவோர் சிலருக்கு இன்று தெரிந்திருப்பதும் அதுவே. தாடியும் தொப்பியும் வெடிகுண்டுமாக ஒருவனைக் காட்டிவிட்டால் தடயம் வைக்கும் சிரமம் அவர்களுக்கு இல்லை.

அதற்கு நாம் என்ன செய்கிறோம்? படத்தைத் தடை செய் என்று மனுக் கொடுக்கிறோம். கொடுப்பது உரிமை, நானும் கையொப்பமிட்டிருக்கிறேன். ஆனால் நாக்ஸின் ஐந்தாம் விதியைத்தானே நாம் கேட்டுப் பெறுகிறோம்? 'எங்களைக் காட்டாதே' என்கிறோம். காட்டுவதை நியாயமாகக் காட்டு, குற்றம் சாட்டினால் சான்று வை என்று கேட்கத் துப்பறியும் கதையின் இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கற்கவே கூடாது என்று சஹனில் கை வைத்துக்கொண்டு தீர்ப்பளித்தால் எப்படி?

அக்கழகத்துக்கு 1985 முதல் 2000 வரை தலைவராயிருந்த எச். ஆர். எஃப். கீட்டிங் அவர்களின் கதை வேறுவகை. பம்பாய்ப் போலீஸ் இன்ஸ்பெக்டர் கோட்டே என்பவரை நாயகனாக்கி 1964இல் முதல் நாவல் எழுதிப் பொற்கட்டாரியும் பெற்றார். வியப்பென்னவெனில், அன்று அவர் இந்தியாவை மிதித்தவரல்லர். அதன்பின் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பார்க்காமலேயே எழுதிக்கொண்டிருந்தார். பம்பாயைப் பற்றிய புத்தகங்களே அவருக்குப் பம்பாய். இதை நான் பாராட்டுவதா, பழிப்பதா? இந்தியனைக் குற்றவாளியாக்காமல், தவறும் தயக்கமும் மனச்சான்றும் உள்ள நல்ல மனிதனாக, அதுவும் துப்பறிபவனாக ஆக்கினாரே, அது பெருந்தன்மை. ஆனால் நம் தெருவைப் பாராதவர் நம் தெருவுக்குள் துப்பறிய, அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் பேனாவை மூடி வைத்திருந்தார்களே, அது யார் குற்றம்? கண்டியில் வழக்கறிஞராயிருந்த சித்தி லெப்பை அவர்கள் 1885இல் 'அஸன்பே சரித்திரம்' எழுதினார்கள். நம்மவர் தமிழில் எழுதிய முதல் நாவல் அது. களவாடப்பட்ட குழந்தையின் வரலாறு. திருப்பமும் மர்மமும் நிறைந்தது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் துப்பறியும் நாவல்களால் தமிழ் வீடுகளை ஈர்ப்பதற்கு முன்பே நம் வீட்டில் ஒளியேற்றிய விளக்கு! 'இது நமது மரபன்று' என்று ஹஜ்ரத் எந்த நூலகத்தில் தேடிவிட்டுச் சொல்கிறார் என்று தெரியவில்லை.

எல்லாக் குற்றக்கதைகளும் நன்றென நான் சொல்லவில்லை. குருதியை வருணித்துப் பெண்ணுடலை வருணித்து விற்கும் நூல்களை என் வீட்டிலும் நுழைய விடுவதில்லை. அவற்றைத் துப்பறியும் கதை என்பதே தவறு. அவற்றில் ஐயமும் இல்லை, ஆய்வும் இல்லை. அட்டையைக் கண்டு நூலையும், நூலைக் கண்டு ஆசிரியரையும், ஆசிரியரைக் கண்டு சங்கத்தையும் ஒரே மூச்சில் கழுவேற்றுவதைத்தான் மறுக்கிறேன். பெரும்பாலான ஐயப்பாடுகளைத் தவிர்க்குமாறு கட்டளை பெற்ற சமுதாயம் நாம்.

திருமணம் முடிந்த மறுவாரம் ஹஜ்ரத் இல்லத்திற்குச் சென்று, "அந்தக் கதையைத் தாங்கள் படித்தீர்களா?" என்று கேட்டேன். படிக்கவில்லை என்றார். "நானும் படிக்கவில்லை. ஆகவே நம் இருவரில் எவருக்கும் பேச உரிமையில்லை" என்றேன். உள்ளே குரல் கொடுத்தார். முப்பது பக்கம், அழகிய கையெழுத்து. அன்றிரவே படித்தேன். கப்பலில் பணியாற்றித் திரும்பிய ஒருவரின் வீட்டில் நகை காணாமற்போகிறது. கொலை எதுவும் இல்லை. வேலைக்கு வரும் ஏழைப் பெண்மேல் வீடே ஐயுறுகிறது. பதினோராம் பக்கத்தில் குற்றவாளியைக் கண்டுவிட்டேன் என்று நிமிர்ந்தேன். இருபத்து மூன்றாம் பக்கத்தில் தலை குனிந்தேன். தடயம் நான்காம் பக்கத்திலேயே, ஒரு சாவிக்கொத்தின் உருவில், என் கண்முன் கிடந்திருக்கிறது.

மறுநாள் படியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஹஜ்ரத் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்: "யார்தான் எடுத்தது, தம்பி?"

நான் சொல்லவில்லை.